ஒதுக்காமல் உண்ணும் பிள்ளை

பாடசாலை அதிபர் ஒருவர் வானொலியிற் பேச வந்தால், பரீட்சையைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோதான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பு. நான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் அவ்விரண்டிலும் சேராதது. சோற்றைப் பற்றிப் பேசப்போகின்றேன். இன்னும் திருத்தமாகச் சொன்னால், சோற்றோடு வைத்த கறியைப் பிள்ளைகள் ஒதுக்கிவிடுவதைப் பற்றிப் பேசப்போகின்றேன்.

ஆரம்ப வகுப்புகளில் இடைவேளை மணி அடித்ததும் சாப்பாட்டுப் பெட்டிகள் திறக்கப்படும். அந்த நேரத்தில் வகுப்புகளின் ஊடாக ஒருமுறை நடந்து வருவது என் வழக்கம். ஒரு பெட்டியிலே கீரை வறை மூலைக்குத் தள்ளப்பட்டுக் கிடக்கும். இன்னொன்றிலே கத்தரிக்காய்த் துண்டுகள் மூடியின்மேல் வரிசையாக இருக்கும். மூன்றாவது பெட்டியிலே வெறும் பாணும் சீனியுமே இருக்கும். வேறெதையும் அப்பிள்ளை தொடாதென்று வீட்டிலே கைவிட்டுவிட்டார்கள். மணி அடிப்பதற்கு முன்னமே முற்றத்து வேம்பிலே காகங்கள் வந்து கூடிவிடுகின்றன. எங்கள் பாடசாலையில் நேரந் தவறாமைக்குப் பரிசு கொடுப்பதாயின், அதனைக் காகங்களுக்கே கொடுத்தல் வேண்டும்.

பெற்றோர் கூட்டத்திலே கணிதப் புள்ளியைப் பற்றிக் கேட்டு முடித்த தாய், போகும்போது வாசலிலே நின்று தாழ்ந்த குரலிலே சொல்லும் குறை ஒன்று உண்டு. "ரீச்சர், இவன் வீட்டிலை ஒண்டுமே சாப்பிடுறான் இல்லை. நீங்கள் ஒருக்கால் வெருட்டிச் சொல்லுங்கோ" என்பார். வெருட்டினால் நடக்கக்கூடிய காரியமாயின் அது என்றோ நடந்திருக்கும். பிள்ளையின் வாயைத் திறக்க வைக்கலாம். விருப்பத்தைத் திறக்க வைத்தல் எவராலும் இயலாது.

இதனை அற்ப விடயமென்று தள்ளிவிடலாகாது. இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளை விரைவிலே சோர்ந்துபோகின்றது. பாடத்திலே கவனஞ் செலுத்த இயலாது தவிக்கின்றது. அதனைச் சோம்பேறி என்று ஏசுவோர் உண்டு. உண்மையில் அப்பிள்ளையிடம் குறைந்திருப்பது முயற்சியன்று. இரத்தத்திலே உள்ள சத்தே. 2022ஆம் ஆண்டிலே நம் நாடு பொருளாதார நெருக்கடியில் அகப்பட்டபோது பால்மாவும் மீனும் முட்டையும் பல வீடுகளுக்கு எட்டாத பொருள்களாயின. வேலியோரத்து முருங்கையும் கிணற்றடிப் பொன்னாங்காணியுமே எத்தனையோ அடுப்புகளைக் காப்பாற்றின. கீரை உண்ணப் பழகிய பிள்ளை உள்ள வீட்டுக்கும், பழகாத பிள்ளை உள்ள வீட்டுக்கும் இடையிலே இருந்த வேறுபாட்டை அவ்வாண்டு வகுப்பறையிலிருந்தே காணக்கூடியதாயிருந்தது. இல்லாமை ஒரு துன்பம். இருந்தும் உண்ண இயலாமை அதன்மேல் வந்த மற்றொரு துன்பம்.

அவ்வாறாயின் பிள்ளைகள் ஏன் ஒதுக்குகின்றார்கள்? முதலாவது காரணம் இயற்கை. பிறக்கும்போது 3 கிலோகிராம் நிறையுள்ள குழந்தை, முதலாண்டு நிறைவிலே ஏறக்குறைய 9 கிலோகிராம் ஆகிவிடுகின்றது. இரண்டாம் ஆண்டு முழுவதிலும் அது கூட்டிக்கொள்வது 2 அல்லது 2½ கிலோகிராம் மாத்திரமே. வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறைதல் இயல்பன்றோ? தாயோ முதலாண்டின் அளவையே மனத்திற் கொண்டு, பிள்ளை மெலிந்துபோகின்றதே என்று அஞ்சி, கிண்ணத்தோடு வீட்டைச் சுற்றி வருகின்றாள். போராட்டம் அங்கேதான் தொடங்குகின்றது.

அதே பருவத்திலேதான் பிள்ளை தத்தித் தத்தி நடந்து கண்டதையெல்லாம் எட்டிப் பிடிக்கத் தொடங்குகின்றது. அறியாத பொருளை வாயில் வைக்கத் தயங்கும் இயல்பும் அப்போதே தோன்றி, இரண்டு வயதிலிருந்து ஐந்தாறு வயதுவரை மிகுந்து நிற்கின்றது. இனிப்பை விரும்புதலும் கைப்பை வெறுத்தலும் பிறவியிலேயே அமைந்தவை. ஆகவே, பாவற்காயைக் கண்டு முகஞ்சுளிக்கும் மூன்று வயதுப் பிள்ளை உங்களோடு பகைமை பாராட்டவில்லை. தன் வயதுக்குரிய வேலையைச் செய்கின்றது. நம் முன்னோர் அறுசுவை என்று வகுத்தபோது இனிப்போடு கைப்பையும் துவர்ப்பையும் சேர்த்தே எண்ணினார்கள். இனிப்புக்குப் பழக்கம் வேண்டியதில்லை. ஏனைய சுவைகளுக்குப் பழக்கம் வேண்டும். அப்பழக்கத்துக்குக் காலம் வேண்டும்.

இவ்விடத்திலே ஓர் ஆய்வைச் சொல்லுதல் பொருந்தும். அமெரிக்காவிலே கிளாரா டேவிஸ் என்னும் குழந்தை மருத்துவர், பாற்பருவம் கழிந்த குழந்தைகள் 15 பேரைக்கொண்டு 1920களின் பிற்பகுதியிலே ஓர் ஆய்வைத் தொடங்கி, அதன் முடிவை 1939ஆம் ஆண்டு விரிவாக எடுத்துரைத்தார். இறைச்சி, முட்டை, பால், தானியம், காய், கனி என ஏறக்குறைய 34 வகையான எளிய உணவுகள் முறைவைத்துக் குழந்தைகளின் முன்னே வைக்கப்பட்டன. தாதியர் எதனையும் புகழலாகாது, எதனையும் நீட்டலாகாது, குழந்தை கைகாட்டிய பின்னரே கரண்டியை எடுத்தல் வேண்டும். ஒரு குழந்தை உண்டதுபோல மற்றக் குழந்தை உண்ணவில்லை. ஒரு நாள் உண்டதை மறுநாள் தொடாத குழந்தைகளும் இருந்தன. எனினும், எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்தன.

இதனைக் கேட்டுவிட்டு, பிள்ளை கேட்பதையெல்லாம் கொடுத்தாற் போதுமென்று எண்ணிவிடாதீர்கள். டேவிஸ் அம்மையாரே அதன் சூட்சுமத்தைச் சொல்லியிருக்கின்றார். பிள்ளைகள் தெரிந்தெடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் தெரிந்தெடுத்த பட்டியலை வகுத்தவர் பெரியவர். அப்பட்டியலிலே சீனி இல்லை. கடையிற் செய்த பண்டம் இல்லை. நல்லவற்றுள் எதனைத் தெரிந்தாலும் நன்மையே விளையுமாறு முன்னரே ஒழுங்குசெய்யப்பட்டிருந்தது.

இந்த உண்மையையே 1980களிலே எலின் சற்றர் என்னும் அமெரிக்க உணவியலாளர் வீட்டுக்கேற்ற விதியாக வகுத்தார். என்ன உணவு, எந்த நேரம், எந்த இடம் என்பவற்றைத் தீர்மானித்தல் பெற்றோரின் பொறுப்பு. வைத்ததை உண்பதா இல்லையா, எவ்வளவு உண்பது என்பவற்றைத் தீர்மானித்தல் பிள்ளையின் பொறுப்பு. ஒருவர் மற்றவரின் பொறுப்பிலே கைவைக்கும்போதே குழப்பம் உண்டாகின்றது. "இண்டைக்கு என்ன சமைக்க?" என்று நான்கு வயதுப் பிள்ளையிடம் கேட்கும் தாய் தன் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டாள். "இன்னும் மூண்டு வாய்" என்று எண்ணிக்கொண்டு ஊட்டும் தந்தை பிள்ளையின் பொறுப்பைப் பறித்துக்கொண்டார்.

வீட்டு நடைமுறையிலே இதன் பொருள் என்ன? வீட்டிலே ஒரு சமையல், எல்லோருக்கும் அதுவே. உறைப்பு மிகுந்த கறியாயின், மிளகாய்த்தூள் இடுமுன் பிள்ளைக்குரிய பங்கை எடுத்துவைக்கலாம். பால்கறியாகவோ சொதியாகவோ ஆக்கலாம். ஆனால் கறியை மாற்றலாகாது. தட்டிலே பிள்ளைக்குப் பழகிய ஒன்று எப்பொழுதும் இருக்கட்டும். சோறும் பருப்பும் போதும். அதன் பக்கத்திலே புதியது ஒரு தேக்கரண்டியளவு இருக்கட்டும். உண்டால் நன்று, உண்ணாவிடில் பேச்சின்றித் தட்டை எடுத்துவிடுங்கள். ஆனால் அரை மணித்தியாலத்திலே விசுக்கோத்துப் பெட்டியைத் திறவாதீர்கள். அடுத்த வேளை உணவு அடுத்த வேளையிலே வரும். பசி ருசி அறியாது என்பது பழமொழி. இதனைப் பட்டினியிடும் தண்டனையாக விளங்கிக்கொள்ளலாகாது. பழகிய உணவு தட்டிலே இருக்கின்றபடியால் பிள்ளை பட்டினி கிடப்பதில்லை. வேறு பண்டம் வருமென்று காத்திருக்கும் வழக்கமே ஒழிகின்றது.

பசியைப் பற்றிச் சொன்னேன். பல வீடுகளிலே பிள்ளைக்குப் பசி வரவே இடங்கொடுப்பதில்லை. காலையிலே பால், பத்து மணிக்குப் பணிஸ், பின்னர் மிக்சர், மென்பானம், மாலையிலே பால்தேநீரும் விசுக்கோத்தும். இவற்றுக்கிடையே சோறு உண்ணவில்லையென்று கவலை. முன்னுண்டது செரித்ததை அறிந்து, நன்கு பசித்த பின் உண்ணுதலையே வள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்திலே வலியுறுத்தினார். பெரியவர்க்குச் சொன்னது சின்னஞ்சிறு வயிற்றுக்கு இன்னும் பொருந்தும். மென்பானப் போத்தல்களிலே சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி 2016ஆம் ஆண்டு நம் நாட்டிலே கொண்டுவரப்பட்டது. அப்போது வகுத்த விதியின்படி, 100 மில்லிலீற்றரிலே 11 கிராமுக்கு மேற்பட்ட சீனி இருப்பின் சிவப்பு. எழுத்தறியாத பிள்ளையும் அறியக்கூடிய அக்குறியைக் கடையிலே நின்று பிள்ளைக்குக் காட்டுங்கள். சோற்றோடு தேநீர் கொடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுதல் நன்று. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்பதற்குத் தேயிலை தடையாகின்றது.

இரண்டாவதாகச் சொல்ல வேண்டியது பொறுமை. லியான் பேர்ச் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1982ஆம் ஆண்டு இரண்டு வயதுப் பிள்ளைகளிடையே நடத்திய ஆய்விலே, புதிய உணவை எத்தனை முறை சுவைத்தார்களோ அந்த அளவுக்கு அவர்களுடைய விருப்பமும் கூடியது. ஒரு கறியைப் பிள்ளை ஏற்றுக்கொள்ளப் பத்துத் தடவையும் வேண்டும், பதினைந்தும் வேண்டியிருக்கலாம். நாமோ மூன்று தடவை கொடுத்துப் பார்த்துவிட்டு, "இவனுக்கு வெண்டிக்காய் பிடியாது" என்று தீர்ப்புக் கூறிவிடுகின்றோம். அத்தீர்ப்பைப் பிள்ளையின் காதுபட, உறவினர் முன்னிலையிலே சொல்லுகின்றோம். பிள்ளையும் அதனைத் தன் பெயரைப்போலவே காத்துக்கொள்ளுகின்றது.

எங்கள் பாடசாலையிலே வாரத்துக்கு இருமுறை இலைக்கஞ்சி கொடுத்துவந்தோம். வல்லாரை, முருங்கையிலை, முடக்கொத்தான் என்று கிடைப்பதைச் சேர்த்துச் சிவப்பரிசியோடு காய்ச்சுவது. நான்காம் வகுப்பு மாணவன் ஒருவன் முதல் நாள் கோப்பையைக் கையிலே வாங்கவும் மறுத்தான். வகுப்பாசிரியை தம் கோப்பையோடு பிள்ளைகளின் நடுவே அமர்ந்து தாம் குடித்தார். அவனைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் வாரத்திலே கோப்பையை வாங்கி மணந்து பார்த்துவிட்டு வைத்தான். நான்காம் வாரத்திலே பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு ஒரு மிடறு குடித்தான். அப்போதும் அவர் புகழவில்லை. ஒரு தவணை கழிந்த பின் அவன் என்னிடம் வந்து, "அதிபர் ரீச்சர், இண்டைக்குக் கஞ்சி தண்ணியாய்க் கிடக்குது" என்று முறைப்பாடு செய்தான். கஞ்சியின் பதத்திலே குறைகாணும் அளவுக்கு அவன் அதற்கு உரியவனாகிவிட்டான் என்று நாங்கள் இருவரும் மகிழ்ந்தோம்.

புகழவில்லை என்று இருமுறை சொன்னதற்குக் காரணம் உண்டு. பேர்ச்சும் அவருடன் பணியாற்றியோரும் 1984ஆம் ஆண்டு மற்றோர் ஆய்வை வெளியிட்டனர். புளிக்கவைத்த பாற்பானம் ஒன்றைக் குடித்தாற் பரிசு, குடித்தாற் பாராட்டு என்று சில பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. சிலருக்கு வெறுமனே கொடுக்கப்பட்டது. பரிசும் பாராட்டும் பெற்ற பிள்ளைகளிடத்திலே அப்பானத்தின்மீது இருந்த விருப்பம் குறைந்தது. பிள்ளையின் தருக்கம் எளிது: கூலி கொடுத்துக் குடிக்கச் சொல்லுகின்றார்களாயின் இது நல்ல பொருளாக இருக்க முடியாது. "கீரையைத் தின்றால் சொக்கிலேற் தருவேன்" என்னும் தாய், கீரையைக் கசப்பான வேலையாகவும் சொக்கிலேற்றை அதன் சம்பளமாகவும் ஆக்கிவிடுகின்றாள்.

கைத்தொலைபேசியைக் காட்டி ஊட்டும் வழக்கம் இன்று எங்கும் பரவியிருக்கின்றது. "நிலாவைக் காட்டிச் சோறூட்டிய பாட்டியும் பராக்குத்தானே காட்டினாள்?" என்று ஓர் இளந்தந்தை என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் பாட்டியின் கண் பிள்ளையின் முகத்திலே இருந்தது. பிள்ளை தலையைத் திருப்பியதும் அவள் கை நின்றது. தொலைபேசியின் முன்னே பிள்ளையும் சோற்றைப் பார்ப்பதில்லை. ஊட்டுபவரும் பிள்ளையைப் பார்ப்பதில்லை. என்ன உண்டோம், எப்போது வயிறு நிறைந்தது என்பவற்றைப் பிள்ளை அறியாமலே போகின்றது.

பாட்டியர் கண்ட இன்னொரு வழி குழையற்சோறு. சோற்றையும் மீந்த கறிகளையும் ஒரு சட்டியிலே சேர்த்துக் குழைத்து, சுற்றியிருக்கும் பேரப்பிள்ளைகளின் கையிலே உருண்டை உருண்டையாக வைப்பார்கள். அதற்குள்ளே பூசணியும் இருக்கும், கீரையும் இருக்கும். பக்கத்திலே இருப்பவன் உண்டுவிட்டு மறுபடி கைநீட்டுவதைக் கண்டு மற்றப் பிள்ளையும் கைநீட்டும். பிள்ளைகள் பிள்ளைகளைப் பார்த்தே உண்ணப் பழகுகின்றார்கள் என்று ஆய்வாளர் எழுதுமுன்னரே அம்முதியோர் அதனை அறிந்திருந்தார்கள்.

பழக்கம் இன்னும் முன்னரே தொடங்கிவிடுகின்றது என்பதும் இன்று தெரியவந்திருக்கின்றது. பிலடெல்பியா நகரிலே ஜூலி மெனெலாவும் அவருடன் பணியாற்றியோரும் 2001ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்விலே, கருவுற்ற காலத்திலோ பாலூட்டிய காலத்திலோ கரட் சாறு அருந்திவந்த தாய்மாரின் குழந்தைகள், கரட் சுவையுள்ள உணவை முகஞ்சுளியாது ஏற்றன. தாயின் உணவே குழந்தையின் முதற் பாடநூல். அதனால், கருவுற்ற மகளுக்கு அது ஆகாது, இது ஆகாது என்று மருத்துவர் சொல்லாத விலக்குகளை அடுக்குமுன் சற்றுச் சிந்தித்தல் வேண்டும். 6 மாதம் நிறைந்து வேற்றுணவு தொடங்கியபின், நாளடைவிலே மசித்ததிலிருந்து குழைந்ததற்கும், குழைந்ததிலிருந்து சிறு துண்டுக்கும் போதல் வேண்டும். ஒரு வயது கழிந்தும் எல்லாவற்றையும் அரைத்தே ஊட்டினால், மென்று உண்ணக் கற்கவேண்டிய காலம் கைநழுவிப்போகும்.

இனி, சொல்லச் சற்றுக் கடினமான ஒன்றைச் சொல்லுகின்றேன். நம் வீடுகளிலே பிள்ளை எவரைப் பார்த்து உண்ணப் பழகுகின்றது? தந்தை பாவற்காயைத் தட்டின் ஓரத்திலே ஒதுக்குவதைப் பார்க்கின்றது. அண்ணன் மீன் இல்லையென்று எழுந்து போவதைப் பார்க்கின்றது. கீரையை ஆய்ந்து, கழுவி, சுண்டிய தாய் அதனை உண்பதை மாத்திரம் பார்ப்பதில்லை. ஏனெனில், எல்லோரும் உண்டெழுந்த பின், அடுப்படியிலே நின்றுகொண்டு, சட்டியிலே மீந்ததை அவள் உண்ணுகின்றாள். உண்டாளோ இல்லையோ என்பதை எவரும் அறியார். கீரை உண்ணும் ஒருவரைப் பிள்ளை காணவேண்டுமாயின், அவள் தட்டோடு பிள்ளையின் அருகே அமர்தல் வேண்டும். அதற்கு அவளுக்கு நேரம் வேண்டும். தந்தைமாரே, ஒருவேளைச் சோற்றை நீங்கள் பரிமாறினால் அந்நேரம் அவளுக்குக் கிடைக்கும். நாளொன்றுக்கு ஒருவேளையேனும் எல்லோரும் ஒருங்கிருந்து உண்ணுங்கள். உண்ணும்போது புள்ளிக் கணக்கைப் பேசாதீர்கள். அதிபராகிய நானே இதனைச் சொல்லுகின்றேன்.

பிள்ளைக்கு வேலையுங் கொடுங்கள். முருங்கையிலையை உருவட்டும், பயற்றங்காயை முறிக்கட்டும், சந்தையிலே ஒரு காயைத் தானே தெரிந்தெடுக்கட்டும். தன் கை பட்ட கறியைப் பிள்ளை அந்நியமாக எண்ணுவதில்லை. வளவு இல்லாத வீட்டிலும் ஒரு பழைய வாளியிலே கீரை விதைக்கலாம். மூன்று நான்கு வாரத்திலே அது பிடுங்கும் பருவத்துக்கு வந்துவிடும்.

இவ்வளவும் செய்தபின்னும் ஒன்றிரண்டு கறிகள் பிள்ளைக்குப் பிடியாமற் போகலாம். போகட்டும், நமக்கும் அப்படி ஒன்றிரண்டு உண்டல்லவா? ஆனால், நிறை கூடாது நிற்றல், விழுங்கும்போது அடிக்கடி விக்குதல், வாந்தி, உண்ணும் உணவுகளின் தொகை நாளுக்கு நாள் குறைந்து வருதல் ஆகியவற்றைக் கண்டாற் காலந்தாழ்த்தலாகாது. சுகாதாரப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி மருத்துவமாதுவிடமோ மருத்துவரிடமோ செல்லுங்கள். சில பிள்ளைகளுக்கு உணவின் மணமும் தொடுகையும் மற்றவர்க்கில்லாத அளவு துன்பந் தருகின்றன. அதனைப் பிடிவாதமென்று பெயரிட்டு அடித்தல் அநீதியாகும். அவர்களுக்கு வேண்டியது தேர்ந்தவரின் உதவி.

நேயர்களே, எல்லாவற்றையும் உண்ணப் பழகிய பிள்ளைக்கு உடல்நலம் மாத்திரமே ஊதியமென்று எண்ணவேண்டாம். நாளை அப்பிள்ளை படிப்புக்காகவோ தொழிலுக்காகவோ வேறூருக்குப் போகும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை கண்டியிலே தங்கும். மட்டக்களப்புப் பிள்ளை மாத்தறையிலே தங்கும். சிங்கள நண்பனின் வீட்டிலே பிஞ்சுப் பலாக்காய்க் கறி வைப்பார்கள். முஸ்லிம் நண்பனின் வீட்டிலே வட்டிலப்பம் வைப்பார்கள். அறியாத கறி ஒன்று இலையிலே விழும்போது, முகஞ்சுளியாது ஒருவாய் எடுத்துச் சுவைக்கும் பிள்ளையை எந்த வீட்டுத் தாயும் மறப்பதில்லை. அந்த ஒருவாய்த் துணிவை நம் வீட்டுத் திண்ணையிலே, ஒரு தேக்கரண்டிக் கீரையோடு, வெருட்டாமலும் கூலி பேசாமலும் நாம் பழக்கிவிடலாம். இன்றிரவே தொடங்கலாம். கீரையை வையுங்கள், நீங்களும் பக்கத்திலே அமர்ந்து உண்ணுங்கள்.